நாலு வருஷம் நடந்த கூட்டம்

போன ஆயுத பூஜைக்கு எங்கள் பழைய ஆடிட்டர் ஆபீஸில் கூப்பிட்டிருந்தார்கள். நான் வேலையை விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் பொரிகடலைப் பொட்டலம் எனக்கு வருஷா வருஷம் தவறுவதில்லை. பூஜை முடிந்து எல்லோரும் சுண்டல் தின்றுகொண்டிருக்க, பயிற்சிக்கு வந்திருக்கும் ரேவதி என்ற பெண் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பூஜை போட்ட கருவியை அன்றைக்குத் தொடக் கூடாது என்ற விதி கம்ப்யூட்டருக்குக் கிடையாது போலிருக்கிறது.

என்னவென்று கேட்டேன். யாரோ ஒருவருடைய சின்னக் கம்பெனியாம். ஏழு வருஷமாக வியாபாரமும் இல்லை, பதிவாளர் ஆபீஸில் தாக்கலும் இல்லை. பொத்தானைத் தட்டினால் தாமதத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று அதுவே கூட்டிக் காட்டிவிடுகிறது. "உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் சமாளிச்சீங்க?" என்றாள். மணி அடித்துச் சமாளித்தோம் என்று சொன்னேன். கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். விவரம் சொன்னதும் சுண்டலை வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். இதை எழுதித்தான் ஆக வேண்டும் என்றும் பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். நீளமாக இருந்தால் என்னைத் திட்டாதீர்கள், ரேவதியைத் திட்டுங்கள்.

நான் மயிலாப்பூரில் அந்த ஆபீஸை நடத்திய ஆடிட்டரிடம் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலில். சைதாப்பேட்டையில் வீடு, ஒரு பழைய சைக்கிள், டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். இவ்வளவுதான் என் சொத்து. முதல் வருஷம் முழுக்க கணக்கு நோட்டுகளில் டிக் போட்டேன், காபி வாங்கி வந்தேன், கம்பெனிப் பதிவாளர் ஆபீஸில் வரிசையில் நின்றேன். அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆடிட்டரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. லஸ் பக்கத்தில் ஒரு மாடியில் ஆபீஸ். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். முன்னாலிருந்து படித்தால் எழுதினவன் இழுத்த இழுப்புக்குப் போய்விடுவோமாம். ஒவ்வொரு வரிக்கும் கீழே மரஸ்கேல் வைத்து, கீழிருந்து மேலே நகர்த்திக்கொண்டே போவார். பேனாவைத் திறந்து மூடியை இடது கையில் வைத்துக்கொள்வார். மூடி மேஜைக்கு இறங்கினால் கையெழுத்து நிச்சயம். மூடி கையிலேயே இருந்தால் நாம் செத்தோம். அப்போது ஸ்கேலால் ஒரு வரியைத் தட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இது நடந்துதா, நடந்தாப்பல எழுதியிருக்கியா?" குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

அவரிடம் நான் முதலில் மாட்டியது ஒரு பெயர்ப்பலகையில். கம்பெனி என்றால் வாசலில் பெயர்ப்பலகை மாட்ட வேண்டும் என்பது சட்டம். தியாகராய நகரில் ஒரு கம்பெனிக்குப் போய்ப் பலகை இருக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னார். போய் வந்து "பலகை உள்ளது" என்று எழுதிக் கொடுத்தேன். மூடி கையிலேயே இருந்தது. எங்கே இருக்கிறது என்று கேட்டார். கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக இருக்கிறது என்றேன். அப்படியே எழுது என்றார். அப்படியே எழுதினேன். அதை அந்த முதலாளிக்கே தபாலில் அனுப்பிவைத்தார். மறுவாரம் நான் அந்தப் பக்கம் போனபோது பலகை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது, கொஞ்சம் பாசியோடு.

இனி மணிக்கு வருகிறேன். நாற்பத்தாறில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாடிப்படியில் லெப்ட் ரைட் போடுவதுபோல் காலடிச் சத்தம் கேட்டது. காக்கி அரைக்கால்சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒருவர் உள்ளே வந்து நின்று, "குட் மார்னிங் சார். சவரிமுத்து, டிரில் மாஸ்டர்" என்றார். சாந்தோம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. மேஜைமேல் இரண்டு சாமான்களை வைத்தார். ஒன்று, பதிவாளர் ஆபீஸிலிருந்து வந்த நோட்டீஸ். இன்னொன்று, பழுப்புக் காகித அட்டை போட்டு, பள்ளிக்கூட லேபிள் ஒட்டிய தடி நோட்டு. லேபிளில் பெயர் என்ற இடத்தில் "குயில்தோட்டம் சோடா கம்பெனி லிமிடெட்" என்றும், வகுப்பு என்ற இடத்தில் "கூட்டக் குறிப்பு" என்றும் முத்து முத்தாக எழுதியிருந்தது.

கதை இதுதான். இரண்டாவது உலகச் சண்டைக்கு முன்னால் நாலு சிநேகிதர்கள் சேர்ந்து கோலி சோடா கம்பெனி ஒன்று ஆரம்பித்தார்கள். காலி பாட்டில் வியாபாரம் செய்யும் காதர் பாஷா, காஸ் கலக்கத் தெரிந்த ஒரு கம்பவுண்டர், கோயம்புத்தூர்க்காரரான ஒரு நூல் ஏஜென்ட், நம் டிரில் மாஸ்டர். நாலு பேரில் எழுத்து அழகாக இருப்பவரும் நேரத்துக்கு வருபவரும் இவர்தான் என்பதால் செயலாளர் வேலை இவர் தலையில் விழுந்தது. குயில்தோட்டத்துச் சந்தில் இவர் குடியிருந்த பள்ளிக்கூட வீட்டின் வாசல்பக்கக் கொட்டகைதான் தொழிற்சாலை. சண்டை வந்ததும் சர்க்கரை கிடைக்கவில்லை, காஸ் கிடைக்கவில்லை. கம்பவுண்டர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது ஏஜென்ட் கோயம்புத்தூருக்குப் போனவர், திரும்பவே இல்லை. சோடா மெஷினுக்குச் சாக்கு போர்த்தியாயிற்று. கம்பெனி படுத்துவிட்டது.

படுத்தாலும் கம்பெனி கம்பெனிதான். வருஷத்துக்கு ஒரு பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். அதன் தேதியைப் போட்டுப் பங்குதாரர் பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் வரை அபராதம். அதுவும் கிரிமினல் கோர்ட்டில் நிறுத்தி. நாலு வருஷமாகத் தாக்கல் ஏதும் இல்லை. ஏன் வழக்குப் போடக் கூடாது என்று நோட்டீஸ் கேட்டிருந்தது. நான் பென்சிலை எடுத்து மொத்தம் எவ்வளவு வரும் என்று பெருக்கிப் பார்த்தேன். அந்தச் சந்து முழுவதையும் விற்றாலும் தேறாத தொகை வந்தது. ஆடிட்டர் என் கையிலிருந்து பென்சிலை வாங்கி வைத்துவிட்டார்.

தொகையைவிடப் பெரிய கவலை மாஸ்டருக்கு இருந்தது. கோர்ட்டில் அபராதம் விழுந்தவரை வேலையில் வைத்திருக்க முடியாது என்று பள்ளிக்கூடத்தை நடத்தும் பாதிரிச் சாமியார் வருத்தத்தோடு சொல்லிவிட்டாராம். வேலை போனால் வீடும் போகும், அது பள்ளிக்கூடத்து வீடு. இதை விசிலைப் பிடித்துக்கொண்டே, விறைப்பாக நின்றபடி சொன்னார். குரல் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியது.

ஏன் கூட்டம் நடத்தவில்லை என்று ஆடிட்டர் கேட்டார். மாஸ்டர் முகம் சிவந்துவிட்டது. "நடத்தாம இல்ல சார். நாலு வருஷமா நடத்திக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் முடியல" என்றார்.

ஆடிட்டர் நோட்டைத் தம் வழக்கப்படி பின்பக்கமிருந்து திறந்து ஸ்கேலை வைத்தார். கடைசிக் குறிப்பு, அதற்கு முந்தின சனிக்கிழமை. "மாலை 4.30க்கு மணி அடிக்கப்பட்டது. ஆஜர் ஒருவர். குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லை. 5.00 மணிக்குக் கூட்டம் அடுத்த சனிக்கிழமை இதே இடம் இதே நேரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ச. சவரிமுத்து, செயலாளர்." அதற்கு முந்தின வாரமும் அதே வாசகம். அதற்கு முந்தின வாரமும். மழை பெய்த சனிக்கிழமையில் "மழை" என்று ஒரு வார்த்தை கூடுதல். கிறிஸ்துமஸ் சனிக்கிழமையில்கூட விட்டுவைக்கவில்லை. இருநூற்றுச் சொச்சம் குறிப்புகள்.

விஷயம் என்னவென்றால், அந்தக் கம்பெனியின் விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அரை மணிக்குள் வராவிட்டால் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம். அடுத்த வாரமும் வராவிட்டால் என்ன செய்வது என்று விதி சரியாகச் சொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும் விதிப்புத்தகத்தைப் பரணில் போட்டிருப்பார்கள். மாஸ்டரோ சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூட மணியை இரவல் வாங்கி அடித்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்தால்தானே பட்டியலில் தேதி போட முடியும் என்பது அவர் வாதம். பதிவாளர் ஆபீஸிலிருந்து நினைவூட்டுக் கடிதம் வந்தபோதெல்லாம் "கூட்டம் ஒத்திவைக்கப்பட்டுள்ளது, முடிந்தவுடன் சமர்ப்பிக்கிறேன்" என்று மரியாதையாகப் பதிலும் போட்டிருக்கிறார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். ஆடிட்டர் சிரிக்கவில்லை. ஸ்கேல் ஒவ்வொரு பக்கமாக முன்னேறி, அரை மணி கழித்து முதல் குறிப்பில் வந்து நின்றது. நாற்பத்திரண்டு ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை. அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "5.05க்கு ஜனாப் காதர் பாஷா வந்தார். நேரம் கடந்துவிட்டதால் ஆப்சென்ட்."

"எங்கேர்ந்து வந்தார்?" என்று ஆடிட்டர் கேட்டார்.

பள்ளிவாசலில் சாயங்கால அசர் தொழுகை முடித்துவிட்டு வந்தார் என்று மாஸ்டர் சொன்னார். அதற்கப்புறம் வரவே இல்லையாம். வீடும் கடையும் எங்கே என்று கேட்டால், எதிர்வாடையில் நாலாவது கதவு என்றார். நாலு வருஷமாக ஒரே சந்தில் இருந்துகொண்டு பேச்சு வார்த்தை கிடையாது.

அன்று மத்தியானமே ஆடிட்டரும் நானும் பதிவாளர் ஆபீஸுக்குப் போனோம். அங்கே இந்த ஃபைலைப் பார்த்த அதிகாரி கெட்டவர் இல்லை, நொந்துபோனவர். மாஸ்டரின் பதில் கடிதங்களை வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். "நாலு வருஷமா ஒரு கூட்டம் நடக்குதுன்னு நான் கோர்ட்ல சொன்னா மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்" என்றார். கூட்டமே நடக்காவிட்டாலும் பட்டியல் கொடுத்துத்தான் ஆக வேண்டும், கூட்டம் நடக்கவில்லை என்பது சாக்கு ஆகாது என்று ஆடிட்டரே ஒப்புக்கொண்டார். ஆனால் தெரிந்து, வேண்டுமென்றே தவறினவருக்குத்தான் சட்டத்தில் தண்டனை என்பதையும் எடுத்துச் சொன்னார். கடைசியில் ஒரு வழி பிறந்தது. ஒரு கூட்டத்தை முறைப்படி நடத்தி முடித்து, தாமதத்துக்கு விளக்கம் எழுதி, நாலு வருஷப் பட்டியலையும் வருகிற திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்தால், வழக்கு வேண்டாம் என்று தாம் மேலே எழுதுவதாக அதிகாரி சொன்னார். புதிதாக நோட்டீஸ் கொடுத்து வேறு நேரத்தில் கூட்டம் கூட்ட இரண்டு வாரம் ஆகும். ஆகவே ஒத்திவைத்த கூட்டத்தையே நடத்த வேண்டும். நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

இங்கே என் திருவிளையாடலையும் சொல்லிவிடுகிறேன். நடக்காத கூட்டத்துக்குக் குறிப்பு எழுதுவது அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குக் கைவந்த கலை. காபி கிளப்பில் உட்கார்ந்து, ஒரு டிகிரி காபி ஆறுவதற்குள் ஒரு கம்பெனியின் மூன்று வருஷக் கூட்டங்களை நடத்திவிடுவோம். பார்க்க வித்தியாசமாக இருக்கட்டும் என்று இரண்டு மசியில் எழுதுவோம். புதன்கிழமை நான் மாஸ்டருக்கு உபகாரம் செய்வதாக நினைத்து, நாலு வருஷத்துக்கும் நாலு கூட்டம் ஜோடித்து எழுதினேன். காதர் பாஷா எல்லாவற்றிலும் ஆஜர். ஒன்றில் அவரை நன்றியுரைகூடச் சொல்ல வைத்தேன். அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய், ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றேன்.

மாஸ்டர் நின்றபடியே நாலையும் படித்தார். நன்றியுரையில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் காகிதங்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பாய் இதெல்லாம் சொல்லலியே, தம்பி. சொல்லியிருந்தா நான் ஏன் மணி அடிக்கிறேன்?"

வேலை போய்விடும், வீடு போய்விடும் என்று சொன்னேன். தெரியும் என்றார். விசிலை ஊதிவிட்டுப் பையன்களைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆபீஸுக்குத் திரும்பினால், நான் கசக்கிப் போட்டிருந்த நகல் ஆடிட்டர் மேஜையில் நீவி வைக்கப்பட்டிருந்தது. மூடி இடது கையில் இருந்தது. ஸ்கேல் நன்றியுரையைத் தட்டியது. "இது நடந்துதா?" என்றார், மீதிப் பாதியைக் கேட்காமல். எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் இந்த வயதிலும் மறக்கவில்லை. அதற்கப்புறம் நான் காபி கிளப்பில் காபி மட்டும்தான் குடித்தேன்.

வியாழக்கிழமை காதர் பாஷாவின் கடைக்குப் போனேன். வாசல் முழுக்க பாட்டில் மலை. நடுவில் தாடியும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருவர் பாட்டில்களைத் தட்டித் தட்டி விரிசல் பார்த்துக்கொண்டிருந்தார். குயில்தோட்டம் சோடா என்றதும் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"ஆப்சென்ட் ஆளு எப்பிடிப்பா கூட்டத்துக்கு வருவான்?" என்றார். "நான் எதிர்ல நின்னுக்கினு கீறேன், மூஞ்சியப் பாத்துக்கினே ஆப்சென்ட்டுன்னு எய்தறாரு. நான் இன்னா அவரு கிளாசு பையனா?"

போனது போகட்டும், நாலு வருஷம் ஆகிவிட்டதே என்று இழுத்தேன். அவருக்கு இன்னும் ஏறிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சரியாகத் தாம் தொழுகைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து மணி அடித்துத் தம்மை வம்புக்கு இழுக்கிறார் என்றார். "நானும் எத்தினி வாரம் பொறுத்துக்கினு இருந்தேன் தெரியுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மணி எதற்கென்று இவருக்குத் தெரியவே தெரியாது. நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விதி, இரண்டு பேர் கணக்கு, இருநூற்றுச் சொச்சம் குறிப்பு, நோட்டீஸ், திங்கட்கிழமை, பள்ளிக்கூட வேலை. நான் ஜோடித்த நன்றியுரையையும், அதில் கையெழுத்துப் போட மாஸ்டர் மறுத்ததையும் சேர்த்தே சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த மணி என்னியக் கூப்புட்றதுக்கா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். வருவதாகவும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தொழுகையை விட்டுவிட்டு வர முடியாது, ஐந்து நிமிஷம் கழித்துத்தான் வர முடியும் என்று மட்டும் சொன்னார். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எல்லாமே கெட்டது.

இதை ஆடிட்டரிடம் சொன்னபோது விதிப்புத்தகத்தை வாங்கிப் பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை படித்தார். "கூட்டம் ஆரம்பிக்கறச்சே ரெண்டு பேர் இருந்தாப் போறும்டா துரை. அப்பறம் எல்லாரும் சம்மதிச்சா நடுவில எத்தனை நாழி வேணும்னாலும் நிறுத்திண்டு தொடரலாம். அஞ்சு மணிக்குள்ள வந்து ஒருதரம் தலையைக் காட்டச் சொல்லு" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் அதைச் சொன்னேன். பாஷா பாட்டிலைத் தட்டிக்கொண்டே கேட்டார். மணி அடித்ததும் ஓடி வர அவர் பள்ளிக்கூடத்துப் பையன் இல்லை என்று மறுபடி ஆரம்பித்தார். நான் நம்பிக்கை இல்லாமல்தான் சைக்கிள் ஏறினேன்.

சனிக்கிழமை நாலே காலுக்கே கொட்டகைக்குப் போய்விட்டேன். சாட்சிக்கு ஆடிட்டர் அனுப்பியிருந்தார். மாஸ்டர் தரையைப் பெருக்கி, நாலு நாற்காலி போட்டிருந்தார். ஏன் நாலு என்று கேட்டேன். நாலு பங்குதாரர்கள் அல்லவா என்றார். செத்துப்போன கம்பவுண்டருக்கும் நாலு வருஷமாக வாரா வாரம் நாற்காலி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நாலரைக்கு மணி அடித்தார். மூன்று அடி, கணீரென்று. அப்புறம் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சந்தில் யாரும் வரவில்லை. நாலே முக்காலுக்குப் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். எதிர்வாடையில் பாஷா கடைப்பலகையைச் சாத்துவது தெரிந்தது. சாத்திவிட்டு வழக்கம்போலப் பள்ளிவாசல் பக்கம் நடந்தார். ஐந்து நிமிஷம் சும்மா இருந்தேன். அப்புறம் பொறுக்காமல், கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறதோ என்று மாஸ்டரிடம் கேட்டேன். ஐந்தாக நாலு நிமிஷம் இருக்கும்போது பேனாவை மசியில் தோய்த்தார்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. பாஷா நின்றார். இரைக்க இரைக்க நின்றார், கையில் ஒரு தொழுகை விரிப்பு. அதை எடுத்து வரத்தான் அந்தப் பக்கம் போயிருக்கிறார்.

"ஆஜர் போடு மாஸ்டர்" என்றார். "தொய்கைய இங்கியே முடிச்சிக்கிறேன்."

மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். ஆஜர் என்று எழுதக்கூடத் தோன்றவில்லை. நான்தான் கடிகாரத்தைக் காட்டினேன். எழுதினார். பிறகு, தொழுகைக்காகக் கூட்டம் பதினைந்து நிமிஷம் நிறுத்தப்படுகிறது, உறுப்பினர்கள் சம்மதமா என்று கேட்டார். உறுப்பினர் சம்மதம் என்றார். தொழ வேண்டிய மேற்குப் பக்கத்தைச் சோடா மெஷின் அடைத்துக்கொண்டு இருந்தது. மாஸ்டரும் நானும் அதைத் தம் பிடித்து நகர்த்தினோம். மாஸ்டர் டிரில்லில் செய்வதுபோல் கையை நேராக நீட்டித் திசை காட்டினார். பாஷா அதில் துளி திருத்திக்கொண்டு விரிப்பைப் போட்டார். அவர் தொழுது முடிக்கும்வரை நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம்.

கூட்டம் தொடர்ந்தது. முதல் காரியம், போன குறிப்புகளைப் படித்து ஒப்புக்கொள்வது. இருநூற்றுச் சொச்சத்தையும் படிக்க வேண்டாம் என்று பாஷா பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார். ஆனால் நாற்பத்திரண்டாம் வருஷத்து முதல் குறிப்பை மட்டும் படிக்கச் சொன்னார். மாஸ்டர் படித்தார். ஆப்சென்ட் என்ற வார்த்தையில் நிறுத்தினார்.

"அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் பாஷா.

மாஸ்டர் தம் ஆயுளில் எழுதின வரியை அடித்தவர் இல்லை. அன்றும் அடிக்கவில்லை. அடியில் புது வரி ஒன்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, நோட்டைத் திருப்பிப் பாஷாவிடம் காட்டினார். பாஷாவுக்குத் தமிழ் வாசிக்க அவ்வளவாக வராது. ஆகவே நான் உரக்கப் படித்தேன்.

"திருத்தம். ஜனாப் காதர் பாஷா 5.05க்கு வந்தார். செயலாளர் காத்திருந்திருக்க வேண்டும்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாஷா போன குறிப்புகளை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு, "சோடா இல்லாம இன்னா கூட்டம் இது?" என்று கேட்டார். நான் தெருமுனைக்கு ஓடி மூன்று சோடா வாங்கி வந்தேன். போட்டிக் கம்பெனிச் சரக்கு. காஸ் போதவில்லை என்று இரண்டு பேரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

திங்கட்கிழமை நாலு வருஷப் பட்டியல், விளக்கம், அந்தத் தடி நோட்டு எல்லாவற்றையும் ஆடிட்டர் பின்னாலிருந்து முன்னால் படித்தார். மூடி மேஜைக்கு இறங்கியது. பதிவாளர் ஆபீஸ் அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டினார். கிறிஸ்துமஸ் குறிப்பைப் பார்த்துச் சிரித்தார். முதல் குறிப்பின் அடியில் இருந்த திருத்தத்தைப் படித்துவிட்டு, சிரிப்பை விட்டு, அடுத்த மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். தெரிந்து செய்த தவறு இல்லை, வழக்கு வேண்டாம் என்று எழுதினார். வழக்கு இல்லை என்று வந்த கடிதத்தை நானே பள்ளிக்கூடத்துச் சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாஸ்டர் பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை அதே பள்ளிக்கூடம், அதே வீடு.

செயல்படாத கம்பெனியை இனி வைத்திருந்து என்ன பயன் என்று, பெயரை நீக்கச் சொல்லி மனு போட்டோம். சில மாதங்களில் பெயர் நீங்கிவிட்டதாகக் கெஜட்டில் வந்தது. அந்தக் கெஜட்டைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன். நாலரை ஆயிற்று, மணி அடிக்கவில்லை. கம்பெனியே இல்லாதபோது கூட்டம் ஏது? நாலு வருஷம் கேட்ட மணி இனி அந்தச் சந்துக்குக் கிடையாது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. மாஸ்டர் வீட்டில் இல்லை. கெஜட்டை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவர் தந்த காபியைக் குடித்து, சாந்தோம் பக்கம் தெரிந்த ஒருவரைப் பார்த்துவிட்டு அதே சந்து வழியாகத் திரும்பினேன். பாஷா பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார். கொட்டகைக்குள்ளிருந்து மூன்று அடி, கணீரென்று கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தேகால். பாஷா தம் கதவுக்குப் போகாமல் நேரே கொட்டகைக்குள் நுழைந்தார்.

திங்கட்கிழமை ஆடிட்டரிடம் சொன்னேன். ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, "இது நடந்துதா?" என்று கேட்டார். என் கண்ணால் பார்த்தேன் என்றேன். ஸ்கேலை மறுபடி கையில் எடுத்தார்.

"அதைத் தாக்கல் பண்ண ஃபாரம் கெடையாதுடா. போய் வேலையைப் பாரு" என்றார்.